கைக்கோடும் நெஞ்சுச் சத்தமும்

எழுபதுகளின் தொடக்கம். சோளகக் காற்று பலமாக வீசிய மாதம். அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நான் சொந்த லோஞ்சில், மோட்டார் படகில், ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, துடுப்பு வலித்து, ஒருவர் தயவும் இல்லாமல் வாங்கிய லோஞ்சு அது. இரைச்சலைக் கேட்டே இஞ்சினில் எங்கே பழுதென்று சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளே என்னை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார்கள்.

மூன்று பொடியன்களுக்குப் பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். சற்றே மேல்நோக்கிய சின்னக் கண்கள், தட்டை மூக்கு. அழவே மாட்டாள். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஒரேயொரு கோடு. சாத்திரியார் பார்த்துவிட்டு, "இது ஆளப் பிறந்த கை" என்றார். நான் விடுவேனா? லோஞ்சில் ஏறின அத்தனை பேருக்கும் அதைச் சொன்னேன்.

பிரசவமும் கைக்குழந்தைகளும் பார்க்கத் தீவுக் கிளினிக்குக்கு வரும் மருத்துவமாதுவும் என் லோஞ்சில்தான் வருவார். வயதில் என்னிலும் இளையவர். பிள்ளையைப் பார்த்த அன்று பின்னேரம், திரும்பிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, பிள்ளையின்ரை கை, கண், கால்விரல் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு யோசினையாக் கிடக்கு. டொக்டரிட்டை ஒருக்கா நெஞ்சைக் காட்டுங்கோ."

"கையைப் பார்த்து நெஞ்சைச் சொல்லுறீர். நீர் ஆஸ்பத்திரி மிஸியோ, இல்லாட்டிச் சாத்திரியோ?"

லோஞ்சே சிரித்தது. கரை வந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு மாதம் போனது. பிள்ளை பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கத் தொடங்கினாள். நெற்றியெல்லாம் வியர்வை. மாமியார் கண்ணூறு பட்டுவிட்டது என்றார். அக்கா, சளி என்றாள். நான் வேறு, "கிரகணத்தண்டு வயித்துப் பிள்ளையோடை நீ ஏன் வெளியிலை வந்தனி?" என்று மனைவியிடம் பாய்ந்தேன். நூல் கட்டினோம், எண்ணெய் தடவினோம். ஒருநாள் காலை உதடு நாவற்பழ நிறமானது. தூக்கிக்கொண்டு லோஞ்சுக்கு ஓடினோம். அன்றைக்கு அந்தக் கடல் முடியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் செய்த முதல் வேலை பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்ததுதான். படித்த மனிதரும் கைரேகை பார்க்கிறாரா? பிறகு கண், காது, கழுத்து, கால்விரல் இடைவெளி. கடைசியில்தான் நெஞ்சில் குழாயை வைத்தார். ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். என் வாயில் அது நிற்கவில்லை.

"கோடு மட்டுமெண்டால் ஒண்டுமில்லை. கன பேருக்கு இருக்கு. இதெல்லாம் சேர்ந்து வந்தால் பிறவியிலையே ஒரு மாற்றம் எண்டு அர்த்தம். இப்பிடிப் பிறக்கிற பிள்ளைகள் கன பேருக்கு இருதயத்திலையும் ஓட்டை இருக்கும். காதையும் பிறகு பார்க்கவேணும்."

"முகத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடசல், ஐயா?"

"எல்லாம் கருவிலை ஒண்டாய் அமைஞ்சது."

"ஆற்ரை பிழை?"

"ஒருத்தற்ரை பிழையும் இல்லை."

பக்கத்தில் நின்ற மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கண்டு டொக்டர் குழாயை என் காதில் மாட்டினார். லொடக் லொடக் என்று கேட்கவேண்டிய இடத்தில், நடுவில் 'உஸ்' என்று ஒரு கசிவு. வால்வு கசியும் இஞ்சினில் அதே சத்தத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! இத்தனை மாதமாக என் நெஞ்சில்தான் அந்தப் பிள்ளையைச் சாய்த்து வைத்திருந்தேன்.

மருந்து, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரி, பிறகு மாதத்துக்கு மாதம். ஓட்டை மெல்ல மெல்லச் சுருங்குகிறதென்று பிறகு சொன்னார்கள். மருத்துவமாதுவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதை விடுங்கோ அண்ணை, பிள்ளை பால் குடிக்கிறாளோ?" என்றுதான் கேட்டார்.

மகள் பிந்தித்தான் நடந்தாள், பிந்தித்தான் பேசினாள். இப்போது நான் லோஞ்சைக் கரைக்குத் திருப்பும்போது கயிறு எறியச் சொல்லி என்னையே அதட்டுகிறாள். சாத்திரியார் சொன்னது ஒருவகையில் பலித்துத்தான் விட்டது.

அந்தக் கோட்டுக்கும் நெஞ்சுக்கும் உள்ள தொடர்பு இன்றுவரை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் கைக்குழந்தையோடு யார் லோஞ்சில் ஏறினாலும், "நெஞ்சைக் காட்டினியளோ?" என்று கேட்காமல் நான் கயிற்றை அவிழ்ப்பதில்லை.