மாலைகளுக்கு அடியில் ஒரு படகு

"...எங்கண்ணுக்கு முழுப் போட்டும் தெரியுது தங்கச்சி, இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?" என்று படகுப் படம் தெரிகிற தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார் அவர்.

மணமேல்குடியில் நான் வைத்திருக்கும் பிரவுசிங் கடையில் இப்படி ஒரு கேள்வி தினமும் வரும். கேட்கிற விதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "செக்கு ஓடுது, எண்ணெயத்தான் காணோம்" என்றார் ஒரு அக்கா. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டித்தான் பழகினேன். இந்தப் பேச்சுகளுக்காகவே கடையைத் திறக்கிறேனோ என்று சில நாள் தோன்றும்.

அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர். எல்லை தாண்டியதாகச் சொல்லி அவருடைய விசைப்படகைப் பக்கத்து நாட்டுக் கடற்படையினர் நடுக்கடலில் பிடித்துப் போயிருந்தார்கள். ஆட்கள் வீடு திரும்பிவிட்டார்கள். படகு அங்கேயே கிடந்தது. அதை மீட்க ஆர்.சி. நகலையும், பதிவு எண் தெளிவாகத் தெரிகிற படகுப் படத்தையும் அன்று சாயங்காலத்துக்குள் அரசு இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். படம் ஜேபிஜியாகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது அவருடைய மருமகன் ஐபோனில் எடுத்தது. தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமென்டாகவே அனுப்பியிருந்தார். அந்த வகை ஃபைலை என் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை, அரசுப் பக்கமும் வாங்கவில்லை.

"வேற படம் இல்லையாண்ணே?"

"தினம் பாக்குற போட்ட எவன் தங்கச்சி போட்டோ புடிப்பான்? டிரைவர் போன்ல கெடக்கும். அந்தப் போனும் போட்டோட சேந்து அங்கிட்டுதான் கெடக்கு."

ஆன்லைனில் மாற்றித் தருகிற தளம் ஒன்றைத் திறந்தேன். டவுன்லோட் என்று பச்சையில் மின்னுவதெல்லாம் விளம்பரம். உண்மையான பொத்தான் ஓரத்தில் பூனை மாதிரி பதுங்கியிருக்கும். ஃபைலை ஏற்றி, மாற்றி, இறக்கித் திறந்தேன். திரை முழுக்கப் படகு விரிந்தது. அவர் எழுந்தே விட்டார்.

"வந்துருச்சுல்ல! பாருங்க, எம்புட்டு அழகா இருக்கான்னு!"

அழகுதான். முதன்முதலாகக் கடலில் இறக்கிய நாளில் எடுத்த படம். புதுப் படகு இறங்கும்போது மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாலை கொண்டுவந்து படகின் முன்முனையான அணியத்தில் சாத்த வேண்டும். ஒருத்தர் மாலையைக் கழற்றி இன்னொருத்தருக்கு இடம் விட்டால் சண்டை வந்துவிடும். அதனால் மாலைமேல் மாலையாக ஏறி, எண் எழுதிய பலகையே மூடிப்போயிருந்தது. கேபினில் எழுதியிருந்த எண்ணுக்கு முன்னால் அவருடைய மச்சினன்கள் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். செவ்வந்தி இதழ் ஒவ்வொன்றும் தெரிந்தது. எண் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"பூவ மட்டும் எடுத்துவிட முடியாதா? அடியில நம்பரு இருக்குல்ல."

"படத்துக்கு அடியே கெடையாதுண்ணே. மேல தெரியுறது மட்டுந்தான்."

"அப்ப நீங்களே எழுதிவிடுங்க. எனக்கு மனப்பாடம்."

"எழுதுனது தெரிஞ்சா, பொய்ப் படமுன்னு இருக்குற வழியும் அடைச்சுருவாங்க."

அவர் திரையில் மச்சினன்களைப் பார்த்தபடி நின்றார். "அன்னிக்கு இவனுகள நவுந்து நில்லுங்கடான்னு சொல்ல வாய் வந்துச்சு. நல்ல நாளுன்னு விட்டுட்டேன்."

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு படத்துக்கு வழியில்லை. "உள்ளதப் போட்டு விடுங்க தங்கச்சி" என்றார். போட்டேன். படம் ஏறிவிட்டதாகப் பச்சை டிக் வந்தது. கம்ப்யூட்டர் பார்ப்பது ஜேபிஜியா என்று மட்டும்தான். பிறகு மனுசர் ஒருவர் திறந்து எண்ணைத் தேடுவார். இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"இது நிக்காது, இல்ல?"

"நிக்காதுண்ணே."

போன் அடித்தது. அவர் மனைவி. கடைக்குள் எனக்கே கேட்கிற குரலில், "என்னாச்சுங்க? என் தம்பிக ரெண்டு பேரும் இங்கதான் ஒக்காந்துருக்காங்க, சோறுகூடத் திங்கல" என்றார்.

அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"ஏத்தியாச்சு. நம்பரு பளிச்சுன்னு தெரியுது. அவனுகளச் சாப்புடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் போனை அணைத்தார்.