ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி

செகாமட் நகைக்கடையில், சிவப்புத் துணி விரித்த தட்டிலிருந்து ஒரு தங்கப் பவுனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் பத்தர். இங்கிலாந்து ராஜாவின் தலை பொறித்த காசு. கயிற்றில் கோப்பதற்காக அதன் விளிம்பில் ஒரு சிறு வளையம் பற்றவைத்திருந்தது. வளையம் நேராக இல்லை. ராஜாவின் நெற்றிக்கு மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது என் அத்தையின் பவுன். "ராஜாவுக்குக் கொம்பு முளைச்சிருக்கு பாருடா" என்று அவள் எத்தனையோ முறை காட்டிச் சிரித்த பவுன். அத்தையைக் கப்பலேற்றி அனுப்பி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கோபமெல்லாம் வடிந்துபோகும் வயது என்கிறார்கள். அந்தக் கொம்பை நினைத்தால் எனக்கு இன்றும் இரத்தம் கொதிக்கிறது.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் பால்மரம் வெட்டினோம்; மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம். அவள் புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை இல்லை. வாய் மட்டும் நான்கு பேருக்கு இருந்தது. கங்காணி முறைத்தால் திருப்பி முறைப்பாள். ரப்பர் நல்ல விலைக்கு விற்ற வருடங்களில் வெற்றிலையைக்கூடக் குறைத்துக்கொண்டு, ஒன்று ஒன்றாக ஐந்து பவுன் வாங்கினாள். கறுப்புக் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டிருப்பாள். முதல் பவுனுக்கு வளையம் வைத்தவன் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் ஓர் அரைகுறைத் தட்டான். அவனை அவள் திட்டிய திட்டு, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கடைசி வீடுவரை கேட்டது. மற்ற நான்குக்கும் செகாமட் போய் வளையம் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு வங்கியெல்லாம் தெரியாது. டாலரை நாங்கள் வெள்ளி என்போம். ஒரு பவுன் எட்டரை வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி என்று சர்க்காரே விலை வைத்திருந்தது. வாங்கினாலும் அதுதான், கொடுத்தாலும் அதுதான். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லும் கணக்கு அது. பவுனின் விலை என்று ஒன்று ஏறும் இறங்கும் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

பிறகு ரப்பர் விழுந்தது. முதலில் கூலியைக் குறைத்தார்கள், அப்புறம் ஆளைக் குறைத்தார்கள். வேண்டாதவர்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் பெயர்ப்பட்டியல் எடுத்தார்கள். குடும்பமில்லாதவள், வயதாகிறவள், வாயாடி. மூன்று கணக்கிலும் அத்தையின் பெயர் முன்னால் வந்தது. கப்பல் செலவு இலவசம் என்று அதையும் ஏதோ தர்மம் செய்வதைப் போலச் சொன்னார்கள். அங்கே அவளுக்கு யார் இருந்தார்கள்? ஒரு பங்காளி வீடு இருந்தது, அவர்களுக்கே அரைவயிறு. தோட்டத்துக்கு வெளியே சொந்தப் பிழைப்பு இருக்கிறது என்று காட்டினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அத்தை அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு பெக்கோக் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வங்காளிப் பால்காரரிடம் போனாள். சீக்கியர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் சிங்கப்பூருக்குக் குடிபோக இருந்தார். ஒரு கறவைப் பசு, கன்று, அவை நின்ற கொட்டகை, பால் வாங்கும் ரயில்வே வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கைமாற்றத் தயாராக இருந்தார்.

அத்தை குந்தி உட்கார்ந்து மடியைத் தடவினாள். கொஞ்சம் பாலை உள்ளங்கையில் பீய்ச்சி நக்கிப் பார்த்தாள். பசு திரும்பி அவளைப் பார்த்தது. "முழிக்கிற முழியப் பாரு, என் நாத்தனா மாதிரியே இருக்கு. இருடி, உன்ன வழிக்குக் கொண்டாறேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பால்காரர் மலாயில், "எனாம் பூலோ" என்றார். அறுபது வெள்ளி. திரும்பி நடக்கும்போது அத்தை வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "அஞ்சு பவுனுக்கு நாப்பத்தி ரெண்டு சொச்சம். உங்கிட்ட ஒம்பது இருக்குல்ல, அதக் குடு. உன் கல்யாணத்துக்குள்ள பால் வித்துத் தந்துடறேன். மிச்சத்தப் பேசிக் குறைச்சுக்கலாம்." தாலிக்கு ஒரு பவுன் வாங்க நான் சேர்த்து வைத்திருந்த பணம் அந்த ஒன்பது வெள்ளி. தருகிறேன் என்றேன்.

தோட்டத்து அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தாவைப் பெரிய கிராணி என்போம். அவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பெண்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். வெளுத்த கோட்டும் மெதுவான பேச்சுமாக இருப்பார். ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பொறுமையாகப் படித்துக் காட்டுவார். மத்தியான ரயிலில் சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகை அவர் ஒருவருக்காக வரும். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். ஒரு கெட்டவன் எங்களை ஏமாற்றியிருந்தால் நாங்கள் என்றோ மறந்திருப்போம். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனிதர் அவர்.

கப்பல் பட்டியலில் பெயர் வந்த பெண்கள் நகையையும் பவுனையும் விற்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கிராணி அவர்களைத் தன் வீட்டு வராந்தாவுக்கு வரச் சொன்னார். "டவுன் பத்தர்கிட்டப் போனா வளையத்த வெட்டணும், தேய்மானம், சேதாரம்னு கழிப்பான். நீங்க கஷ்டப்பட்டுச் சேத்தது. நான் சர்க்கார் விலை தர்றேன். ஏழு பவுனுக்கு அறுவது வெள்ளி. ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்றார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அத்தை கயிற்றை அறுத்து ஐந்தையும் அவர் முன்னால் வைத்தாள். நாற்பத்திரண்டு வெள்ளி எண்பத்தைந்து காசு. சில்லறைகூட விடாமல் எண்ணிக் கொடுத்தார். அத்தை, வாயாடி அத்தை, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

என் ஒன்பதையும் சேர்த்துக்கொண்டு மறுநாள் பால்காரரிடம் போனோம். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஐம்பத்தெட்டுக்கு இறங்கினார். அதற்குக் கீழே "கூராங் தா போலே" என்று தலையை ஆட்டிவிட்டார், குறைக்க முடியாது என்று. ஆறு வெள்ளி சொச்சம் இடித்தது. அந்தக் காலத்தில் லயத்தில் யாரிடம் ஆறு வெள்ளி இருந்தது? எல்லோரும் அரை அரிசிக்கு வந்திருந்தார்கள். அத்தை நேராகப் பெரிய கிராணி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, "ஐயா, ஒரு ஆறு வெள்ளி மட்டும் கடனாத் தாங்க. ரெண்டு மாசத்துல பாலாவே அடைச்சிடறேன்" என்றாள். அவர் பத்திரிகையைத் தாழ்த்தி, மிகவும் கனிவாகப் பேசினார். "கடன் வாங்கி ஒரு பிழைப்பத் தொடங்கக் கூடாதும்மா. மாடு செத்துட்டா என்ன செய்வ? கையில இருக்கறத எடுத்துக்கிட்டு ஊருக்குப் போய் நிம்மதியா இரு." அது நல்ல புத்தி என்றே அத்தையும் நினைத்தாள். என் ஒன்பது வெள்ளியை என் கையில் திணித்தாள். சனிக்கிழமை, கப்பலுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டே போனாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அதன் பிறகுதான் நான் தாலிக்குப் பவுன் வாங்கச் செகாமட் போனேன். பத்தர் அந்தக் கொம்பு வைத்த காசைக் கையில் வைத்துவிட்டு, "பன்னெண்டரை வெள்ளி" என்றார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "எட்டரைதானே?" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, அதெல்லாம் போன வருசத்தோட போச்சு. இங்கிலாந்துல காகித நோட்டுக்குத் தங்கம் தர மாட்டோம்னுட்டாங்க. பேப்பர்ல போட்டு எத்தன மாசமாச்சு! நானே பன்னெண்டு குடுத்துத்தான் வாங்கறேன். உங்க பெரிய கிராணி ஒரு டப்பா நெறையக் கொண்டாந்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" வளையத்துக்கு ஏதாவது கழித்தீர்களா என்று கேட்டேன். "இத்துனூண்டு வளையத்துக்கு என்னத்தக் கழிக்கறது?" என்றார்.

விவரம் எனக்குப் பிற்காலத்தில்தான் முழுதாகப் புரிந்தது. இங்கிலாந்தின் காகிதப் பவுன் தங்கத்தை விட்டுப் பிரிந்ததும் அதன் மதிப்பு இறங்கியது. எங்கள் வெள்ளி அந்தக் காகிதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே இறங்கியது. தங்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, எங்கள் பெண்கள் கழுத்தில் கிடந்ததுதான் உண்மையான பணம். அவர்கள் கையில் எண்ணிக் கொடுத்ததோ தேய்ந்துபோன பணம். லண்டனில் யாரோ பெரிய மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்தச் செய்தி கப்பலேறி, தந்தியேறி, ரயிலேறி, பெக்கோக்கில் ஒரே ஒருவர் கக்கத்துக்குள் வந்து நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அதை அவர் உரக்கப் படித்திருக்க வேண்டாம். "பவுன் வெலை ஏறியிருக்கு, அவசரப்படாதீங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பத்தர் கொடுத்த விலையில் அத்தையின் ஐந்து பவுன் அறுபது வெள்ளி. என் ஒன்பதுகூட வேண்டியதில்லை. பால்காரர் முதலில் கேட்ட தொகையையே பேரம் பேசாமல் முகத்தில் விட்டெறிந்திருப்பாள் என் அத்தை.

அன்று மாலையே அலுவலகப் படியில் நின்று அவரைக் கேட்டேன். "எங்க அத்தை பவுன பன்னெண்டுக்கு வித்தீங்களாமே?" அவர் கோபப்படவில்லை. "நான் யாரையாச்சும் கையப் புடிச்சு இழுத்தனா? சர்க்கார் விலை இன்னைக்கும் ஏழுக்கு அறுவதுதான். சந்தேகமா இருந்தா தொரையக் கேளு." அது உண்மை. அதுதான் என் வயிற்றெரிச்சல். சட்டப்படி அவர் ஒரு காசு திருடவில்லை. வெளியில் யாரும் மதிக்காத ஒரு விலையைச் சர்க்கார் காகிதத்தில் அப்படியே விட்டு வைத்திருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து ஒரு யோக்கியர் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தார். மறுநாள் என்னை, யாரும் போக விரும்பாத மலைச்சரிவு ரப்பர் காட்டுக்குப் பால் வெட்டப் போட்டார்கள். லயத்திலும் யாரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "பணமாவது சுளையாக் குடுத்தாரே, வேற யாரு குடுப்பா?" என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து ரப்பர் நிமிர்ந்தது. துரத்தப்பட்டவர்களில் சிலரை மறுபடி கூட்டி வந்தார்கள். அத்தையின் ஊர்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். "உங்க அத்தையா? இருக்காங்க. பண்ணையார் வீட்டு மாட்ட மேய்க்கிறாங்க" என்றாள். பணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பங்காளிகள் முதல் மழைக்குள் கரைத்துவிட்டார்களாம். பிறகு அவள், "ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. பெரிய கிராணி ஐயா ஒரு காசு கொறைக்காம எண்ணிக் குடுத்தாரு, அவருக்கு என் கும்பிட்டச் சொல்லுன்னாங்க" என்றாள். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. சம்பள நாளில், அத்தனை பேர் முன்னால், மேசைக்கு எதிரே நின்று அந்தக் கும்பிட்டை ஒரு சொல் மாற்றாமல் அவரிடம் சேர்த்தேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த சின்னக் கிராணியைப் பார்த்து, "பாத்தியா? நன்றியுள்ள ஜனங்க" என்றார். அந்த மாதமே நான் தோட்டத்தை விட்டு வெளியேறினேன்.

இப்போது ஸ்கூடாயில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். அங்கத்துச் சம்பளத்தை இங்கத்துக் காசாக மாற்றுவதற்கு முன் பணம் மாற்றும் கடை கடையாக விலைப் பலகையைப் பார்க்கிறாள். வாங்கும் விலை, விற்கும் விலை, இரண்டும் தெருவில் போகிறவன் படிக்கும் அளவுக்கு எழுதியிருக்கிறது. நேற்றுகூட, "தாத்தா, இன்னிக்கு ரேட் நல்லா இல்ல லா, ரெண்டு நாள் வெச்சிருந்து மாத்தறேன்" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். "அலமாக், உங்களுக்கு எதுக்குத் தாத்தா தினமும் இது? மாத்தறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ரெண்டு நாள் வைத்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே. இந்த நாலு சொல்லைச் சொல்ல என் அத்தைக்கு ஒரு மனிதன் இல்லாமல் போனானே.

அன்று பத்தர் கடையில் எனக்குப் பின்னால் வேறொரு ஆள் வந்து நின்றுவிட்டார். "வேணுமா தம்பி? இல்லன்னா வெச்சிடு" என்றார் பத்தர். ராஜாவின் கொம்பை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் மடியில் அத்தை திருப்பித் தந்த ஒன்பது வெள்ளிதான் இருந்தது. பவுனைத் தட்டில் வைத்தேன்.