காலியாகத் தெரிந்த டிஸ்க்

விஜயதசமி காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது மானிட்டரின் மேல் விளிம்பில் காய்ந்து வெடித்திருந்த சந்தனம். அதற்குக் கீழே, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. துவங்குவதற்கான டிஸ்க் எதுவும் இல்லை, ஒன்றைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அழுத்தினேன். அதே வரி இன்னொரு முறை வந்தது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் எடிட்டிங் அறை. பத்திரிகை வேலையை விட்ட பிறகு கல்யாண வீடியோ எடுத்து, தொகுத்துக் கொடுத்து வருகிறேன். அணைத்தாலும் பிளக்கிலேயே இருக்கும் கம்ப்யூட்டரை ஆயுத பூஜை அன்று மட்டும் கழற்றுவேன். துடைத்து, கேமராக்களோடு பலகையில் வைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்தபின் மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடுவதில்லை.

முடிக்காத வேலை ஒன்று அதற்குள் இருந்தது. ஆவணி முகூர்த்தம் ஒன்றில் படப்பையில் எடுத்த கல்யாணம். பதினோராம் நாள் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார். அந்தப் பெண் மூன்று முறை போன் செய்திருந்தாள். மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும், அப்பா வருகிற இடங்களை மட்டும் முதலில் வெட்டிக் கொடுங்கள் என்றாள். போட்டோக்கள் வேறொருவர் எடுத்தவை, அவை பத்திரமாக இருந்தன. உறவினர்கள் போனில் பிடித்ததிலெல்லாம் மணமக்கள்தான். அவர் நடப்பதும் பேசுவதும் என்னிடம் மட்டும் இருந்தது. கேமரா கார்டுகளிலும் இல்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கார்டை அழித்து அடுத்த மண்டபத்துக்கு எடுத்துப் போவது இந்தத் தொழிலில் வழக்கம். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, அப்போது உட்கார்ந்து வெட்டலாம் என்று வைத்திருந்தேன்.

பம்மலிலிருந்து சர்வீஸ்காரர் பத்தரைக்கு வந்தார். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவர் இவர் இல்லை. அவர் கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இவர் பொட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீங்க ஒரு நாள் லீவு குடுத்தீங்க, அது மெடிக்கல் லீவு போட்டுடுச்சா," என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வட்டமான சின்ன பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்தார். செத்திருந்தது. கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். பிளக்கைக் கழற்றிய ஒரு நாளில் எல்லாம் மறந்துபோயிருந்தது. புது பேட்டரி போட்டுத் தேதியையும் மணியையும் சரிசெய்தார். அந்தத் திரையில் மாற்ற வேண்டிய இன்னொரு வரி இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் அப்போதும் துவங்கவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். உள்ளே ஒரு கல்யாணம் இருக்கிறது, அது போகக் கூடாது என்றேன். பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தபோது திரையில் இரண்டு டிஸ்க் வரிசையாகத் தெரிந்தன. முதலாவதில் ஏதோ பகுதிகள் இருந்தன. இரண்டாவதற்கு நேரே காலி என்று இருந்தது.

"ரெண்டாவது சும்மாதான் கீது சார். அதுல போட்டுடவா? உங்க மேட்டர் இருக்கிறத தொட மாட்டேன்."

அசெம்பிள் செய்தவர் இரண்டு டிஸ்க்கையும் ரெய்டு முறையில் இணைத்திருப்பதாகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒன்று போனாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன்: "போடுங்க. ஒண்ணுல இருந்தா போதும்."

பன்னிரண்டு நாற்பதுக்குப் புது விண்டோஸ் வந்தது. நீலத் திரை, ஒரு குப்பைத்தொட்டிப் படம். முதல் டிஸ்க்கைத் திறந்தால், பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்யச் சொன்னது. சர்வீஸ்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன்.

"எந்த டிஸ்க்குல சார் போட்டீங்க?"

காலியாக இருந்ததில் என்றேன்.

"அது காலி இல்ல சார். ரெண்டும் சேர்ந்தாதான் ஒண்ணு. நீங்க ஸ்பீடு வேணும்னு கேட்டீங்க, அதுக்காக அப்படிப் போட்டேன்."

நான் கேட்டது உண்மை. ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டு இந்த டிஸ்க்கில், அடுத்தது அந்த டிஸ்க்கில் என்று அது எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு செய்தியின் ஒற்றைப்படை வரிகளை ஒரு தாளிலும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு தாளிலும் எழுதி வைப்பது போல. நாங்கள் ஒரு தாளின் மேல் வேறு எதையோ எழுதியிருந்தோம். அவர் சொல்லச் சொல்ல, பேட்டரி மாற்றிய பிறகு தேதி போட்ட திரையில், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் அந்த இன்னொரு வரியைக் கண்டுபிடித்து மாற்றினோம். இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத் தெரிந்தன. உள்ளே எதுவும் திறக்கவில்லை.

"பேஜாராப் பூட்ச்சு சார்," என்றார் சர்வீஸ்காரர். வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அவர் மேல் தவறு இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

கிண்டியில் டேட்டா மீட்கும் ஒரு கடையில் டிஸ்க்குகளை எட்டு நாள் வைத்திருந்தார்கள். ஃபைல் பெயர்கள் வந்தன. மாப்பிள்ளை அழைப்பு, தாரை வார்ப்பு, பந்தி என்று நான் வைத்த பெயர்கள்தான். திறந்தால் பச்சைக் கட்டங்கள் இரண்டு வினாடி தெரியும், அப்புறம் நின்றுவிடும்.

போனில் சொல்ல முடியாமல் அந்தப் பெண்ணை வரச்சொன்னேன். தனியாக வந்தாள். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். முடிந்ததும், "ஏத்தும்போது நீங்க பார்த்திருப்பீங்கல்ல அங்கிள்? அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாரு?" என்றாள்.

ஏற்றும்போது நான் ஃபோகஸும் சத்தமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். தாரை வார்ப்பில் அவர் சொம்பை இடது கைக்கு மாற்றியதும், மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்ததும் நினைவிருந்தது. அவற்றைச் சொன்னேன். ஏதாவது பேசினாரா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். டைட்டிலுக்கு இந்தப் பாட்டு போதுமா என்று கேட்டு, கல்யாணம் முடிந்த வாரம் நான் அவளுக்கு அனுப்பியிருந்த வீடியோத் துண்டு அதில் இருந்தது. முப்பத்தெட்டு வினாடி. இருவரும் பார்த்தோம். அவள் காரிலிருந்து இறங்குகிறாள். ஆரத்தி சுற்றுகிறார்கள். நாகஸ்வரக்காரர் ஒதுங்கி வழிவிடுகிறார். மண்டப வாசல்.

அவள் அப்பா அதில் இல்லை; அப்போது உள்ளே பந்தியில் நின்றிருந்தார்.