சொரசொரப்பு செய்து தரப்படும்

தையல்காரிக்கு 'சொரசொர' என்று பட்டப்பெயர் வைத்தது தெருவிலே போகிறவன் இல்லை, கட்டிய புருஷன்தான். மரச்சாமான் கடைந்து பாலிஷ் போடுகிறவன். அவன் கை பட்ட மரத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தலை கால் புரியாமல் போயிருந்தது.

பிரிந்துவிடலாம் என்று இரண்டு பக்கத்து உறவும் கூடி உட்கார்ந்த அன்று, "இவகிட்ட உனக்கு அப்படி என்னப்பா குறை?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பாலிஷ்காரன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான்: "இவ கையப் பிடிக்கறதும் உப்புத்தாளப் பிடிக்கறதும் ஒண்ணு மாமா. சொரசொரன்னு இருக்கு. தொட்டா என் பாலிஷே போயிடும்."

கூடமே சிரித்தது. அவளுடைய கூடப்பிறந்த அண்ணனும் சேர்ந்து சிரித்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்தக் கை தைத்த துணிக் காசில்தான் புருஷன் பட்டறைக்குக் கடைசல் மெஷின் வந்தது. அதைச் சொல்ல அங்கே ஒரு வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே அவன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவளும் தையல்காரியிடம் துணி தைக்கக் கொடுத்தவள்தான். வாடிக்கைக்காரிகளைத் தையல்காரி கழுத்து மாதிரியை வைத்துத்தான் போனில் பதிந்து வைப்பாள். இவள் பெயர் 'வட்டக்கழுத்து'.

மூன்று வருஷம் கறுவிக்கொண்டே இருந்தாள். அவனை நாலு பேர் நடுவில் மூக்கறுக்க வேண்டும், அந்தச் சொல்லை அவன் வாயாலேயே கெஞ்சிக் கேட்க வைக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. நல்ல ஆசையா என்று கேட்டால், நம்மை வைத்து ஒரு கூடம் சிரித்திருந்தால் தெரியும்.

வழி தானாக வந்தது. மாடிவீட்டுக்காரி ஒருநாள் கையில் ஒரு மரக்கட்டையோடு இறங்கி வந்தாள். பறவைக் கூண்டுக்குள் குறுக்கே மாட்டுகிற கட்டை.

"உன் பழைய வீட்டுக்காரர்கிட்டதான் வாங்கினேன். பளபளன்னு இருக்கேன்னு ஆசைப்பட்டேன். குருவி ரெண்டும் வழுக்கி வழுக்கி விழுது. ஒண்ணு நொண்டுது பாரு."

தையல்காரி கட்டையை விரலால் தடவினாள். விரலுக்கே பிடி கிடைக்கவில்லை. உள்ளே போய் அரத்தை எடுத்து வந்து, அவன் அடுக்கடுக்காகப் பூசிய பாலிஷை ஒரு இழுப்பில் கிழித்தாள். அப்பா, என்ன சுகம்! வயிற்றில் மூன்று வருஷமாகக் கிடந்த எரிச்சல் மரத்தூளோடு உதிர்ந்தது. பாலிஷ் முழுவதும் போன பிறகு ஆக்சா பிளேடால் சுற்றிலும் லேசாகக் கோடு இழுத்தாள். மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டு நிற்காமல் துணியால் அழுத்தித் துடைத்தாள். நடுவில் மட்டும் பருத்திக் கயிற்றை இறுக்கிச் சுற்றி, பறவையின் நகம் மாட்டிவிடாதபடி நுனியை உள்ளே மடித்துத் தைத்தாள்.

"உப்புத்தாளை ஒட்டினா சுலபமா முடிஞ்சிடுமே?" என்றாள் மாடிவீட்டுக்காரி.

"அது உள்ளங்காலைத் தேச்சுப் புண்ணாக்கிடும்க்கா. பிடிப்பு வேற, ரணம் வேற" என்றாள் தையல்காரி.

குருவிகள் அன்றே கெட்டியாக உட்கார்ந்தன. செய்தி பரவியது. அவன் கடையில் கட்டை வாங்குகிறவர்கள் நேரே இவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: 'சொரசொரப்பு செய்து தரப்படும்.' அவன் தினமும் அந்த வழியாகத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். வேண்டுமென்றேதான் எழுத்தைப் பெரிதாக எழுதியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனே வந்தான். கையில் கூண்டு, உள்ளே ஒரு பச்சைக்கிளி. காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு தவித்தது. வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

"என்னம்மா இது, சார் மோருன்னு... இந்தக் கட்டைய கொஞ்சம் பாரு."

"பார்த்தேன். என்ன பண்ணணும்?"

"அதான்... எல்லாருக்கும் பண்றியே."

"எல்லாரும் வாயத் திறந்து கேப்பாங்க சார்."

மென்று முழுங்கினான். "சொரசொரன்னு பண்ணிக் கொடு."

"மெஷின் சத்தத்துல காதுல விழல." மெஷின் ஓடவே இல்லை.

"சொரசொரன்னு பண்ணிக் கொடுன்னேன்!"

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதோடு விட்டிருப்பாள். ஆனால் அவன் அசடு வழிந்துகொண்டே மேலும் பேசினான்.

"அவ கோவிச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இது அவ கிளி. கேட்டு ஆள் மேல ஆள் அனுப்புறா, நான் கொடுக்கல. இது இங்க இருக்கற வரைக்கும் எப்படியும் திரும்பி வந்துதானே ஆகணும்?"

தையல்காரி கிளியின் காலைப் பார்த்தாள். உள்ளங்கால் சிவந்து வீங்கியிருந்தது.

"ரெண்டு நாள் இங்க இருக்கட்டும் சார். கட்டை மாத்தி உட்கார வச்சுப் பார்க்கணும்."

அவன் தெருமுனை திரும்பியதும் போனில் வட்டக்கழுத்தைத் தேடி எடுத்தாள்.

"அக்கா... நீங்களா?" என்றாள் மறுமுனையில் அவள்.

"அக்கா நொக்கான்னு கூப்பிடாத. உன்னை நான் மன்னிக்கல. உன் கிளி என்கிட்ட இருக்கு. வந்து தூக்கிட்டுப் போ."

மறுநாள் காலையிலேயே வந்தாள். கிளியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். தையல்காரி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் ராத்திரி உட்கார்ந்து கயிறு சுற்றிய புதுக்கட்டை ஒன்றை, உள்ளங்காலுக்குத் தடவ வேண்டிய மருந்தின் பெயரையும் சொல்லி, அவள் பையில் வைத்தாள்.

சொன்னபடி பாலிஷ்காரன் வந்தான். அன்றைக்கும் வாசலில் ஆட்கள் இருந்தார்கள். அவள் கூண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தொட்டுப் பாருங்க சார், நீங்க கேட்ட மாதிரியே இருக்கா?"

"கிளி எங்க?"

"சொந்தக்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் காலிக் கூண்டுக்குள் குனிந்து பார்த்தான். கத்துவான் என்று எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் மெதுவாகக் கேட்டான்:

"எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

"சொன்னாங்க. கூண்டு உங்களோடதுதானாம். நீங்களே வச்சுக்கணுமாம்."

அவன் காலிக் கூண்டோடு தெருவில் நடந்து போனான். திறந்த கதவு ஒவ்வொரு அடிக்கும் கம்பியில் மோதிச் சத்தம் போட்டது. அவன் முனை திரும்புகிறவரை தையல்காரி கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு அரத்தைத் தட்டித் தூளை உதறிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.