கல்வட்டத்துக்கு வெளியே ஒரு கிணறு

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு பித்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் பழைய கற்களைத் தேடிக் கிளம்பிவிடுவேன். மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதிப் பக்கம் வெளியூர்க்காரர்கள் கண்ணுக்குப் பனைமரமும் பொட்டலும்தான் தெரியும். நடந்து பார்க்கிறவனுக்குத்தான் மற்றதெல்லாம். ஆற்றோரம் துணி துவைக்கிற கல்லைத் திருப்பினால் அடிப்பக்கம் வாளோடு ஒரு வீரன் தேய்ந்துபோய் நிற்பான். கரடு என்கிற மொட்டைக் குன்றின்மேல் பாறை இடுக்கில், தேன்கூட்டுக்குக் கீழே, யாரோ எந்தக் காலத்திலோ மூட்டிய தீயின் கரி ஒட்டியிருக்கும். உச்சியில் நின்றால் கணவாய்க் காற்று வேட்டியைப் பிடுங்கும். வடக்கேயும் தெற்கேயும் மலை நீலமாக நிற்க, நடுவில் எங்கள் ஊர் வாசல் திறந்து கிடக்கிற வீடு மாதிரி இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். வாசகசாலையில் தமிழும் மலையாளமும் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் என் படிப்பு. ஆனாலும் புத்தகத்தைவிட ஆட்கள் பேசுவதைக் கேட்பதுதான் எனக்கு ருசி. கல் பார்க்கப் போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும். ஆடு மேய்க்கிற ஒரு பெண், "ஏனுங்க, ஊட்டுல கல்லு இல்லீன்னா இங்க வர்றீங்க?" என்பாள். என் வீட்டுக்காரி, "சும்மா கைய வீசீட்டு வராதீங்க, வர்றப்ப அம்மிக்கு ஒண்ணு தூக்கீட்டு வாங்க" என்பாள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

எல்லாக் கற்களிலும் எனக்குப் பிடித்தது பக்கத்துப் புன்செய்க் காட்டில் இருந்த வட்டம். இடுப்பளவு உருட்டுக் கற்கள், பதினாறு, ஒன்றையொன்று பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்திருக்கும். நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று பயந்து அந்தக் காலத்து மனிதர்கள் பெரிய பெரிய பானைக்குள் புகுந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டார்கள், அவர்களுக்கு அடையாளம்தான் இந்தக் கல் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வார்கள். "அப்பறம் நெருப்பு மழ பேஞ்சுதா?" என்று கேட்டேன் ஒருமுறை. "எந்த மழைங்க நம்மூருல சொன்னாப்பல பேஞ்சுது?" என்று பதில் வந்தது.

அந்தக் காடு ஒரு கணவன் மனைவியுடையது. அந்தப் பெண் என்னை அண்ணா என்பாள். நான் அவளை அம்மிணி என்பேன். அவள் வீட்டுக்காரர் எனக்கு மச்சான் முறை. சாது. குத்தகைக்கு உழுதவர்களுக்கு நிலம் சொந்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. நிலம் அவருடையது என்கிற பட்டயம் இன்னும் கைக்கு வரவில்லை. அரசாங்கக் கட்டிடத்தைத் தாண்டும்போதுகூட மெதுவாக நடக்கிற ஆள்.

ஒரு ஐப்பசி மாதம் வாசகசாலையில் உட்கார்ந்து, அங்கிருந்தவரின் உதவியோடு மலையாளத்தில் ஒரு கடிதம் எழுதினேன், பழைய சின்னங்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீசுக்கு. இன்ன இடத்தில் இப்படியொரு கல்வட்டம் இருக்கிறது என்று படம்கூடப் போட்டேன். கடிதம் பலமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: யாராவது கிணறு வெட்டி இதை அழித்துவிடக்கூடும், உடனே வந்து காப்பாற்ற வேண்டும். நிலத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கல் பூமிக்குச் சொந்தம் என்கிற நினைப்பு எனக்கு.

அந்த வருடமும் மழை பொய்த்தது. அம்மிணியின் கிணறு தை மாதம் வற்றிவிட்டது. அவளுடைய தம்பி சூரியநெல்லியில் தேயிலை எஸ்டேட்டில் வேலை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கும், வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரே ஒரு புதுக் கிணறு வெட்டிப் பார்ப்பது, வைகாசிக்குள் தண்ணீர் கண்டால் இருப்பது, இல்லையென்றால் எருமைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு மலை ஏறுவது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் வேப்பங்கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். அது துள்ளியது ஒரே ஓர் இடத்தில். வட்டத்துக்கு நட்டநடுவில்.

கிணற்று வேலைக்கு ஆட்கள் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால் எனக்கு அந்த ஆபீசிலிருந்து கார்டு வந்தது. உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து பார்ப்பார், அதுவரை கற்களை அசைக்கக் கூடாது.

கார்டு என் பெயருக்கு வந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது. அடுப்பில் போட்டிருந்தால் முடிந்தது. ஒரு பகல் முழுக்க அதை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தேன். என் வீட்டுக்காரிதான், "செஞ்சதப் போய்ச் சொல்லுங்க, எருமையாட்டம் சுத்தீட்டே இருக்காதீங்க" என்று துரத்தினாள்.

போய்ச் சொன்னேன். மச்சான் கார்டைத் தொடவில்லை. தள்ளி நின்றே பார்த்தார். "அதுல எம்பேரு இருக்குதுங்களா?"

"இல்ல மச்சா. எம்பேருதான்."

"அப்ப வெட்டுனா உங்களத்தான புடிப்பாங்க?"

அம்மிணி வெடுக்கென்று சொன்னாள்: "அண்ணனப் புடிச்சா நல்லதுதான். செயில்ல தண்ணி இருக்கும்." பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "ஏனுங்ணா, எங்களக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணுலீங்களா?"

கார்டை மடித்து மறுபடி இடுப்பில் செருகினேன். வெட்டிவிடலாம் என்று அவள் நின்றாள். பட்டயம் வராத நேரத்தில் சர்க்காரோடு வம்பு வேண்டாம் என்று மச்சான் ஒரே பிடியாக இருந்தார். கிணற்று ஆட்களை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் கிணற்றில் பாதித் தண்ணீர் அவர்களுக்கு என்று ஆயிற்று. எங்களுக்கே போதாத கிணறு. விடியற்காலையில் மாடு கட்டி நான் இறைப்பேன். அவள் குடங்களோடு வருவாள். முன்பெல்லாம் வரும்போதே ஒரு கேலி வரும். இப்போது குடம் நிறைகிற சத்தம் மட்டும். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. என் வீட்டுத் தக்காளிச் செடிகள் கருகின. என் வீட்டுக்காரி கருகியதையெல்லாம் பிடுங்கி வேலியோரம் போட்டாள். அது எனக்குத் திட்டைவிடக் கனமாக இருந்தது. உடம்பு அசதி ஒரு பக்கம், மனசு அசதி ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் எங்கும் போகவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் உத்தியோகஸ்தர் வந்து சேர்ந்தார். நடுவயது. ஒரு தோள்பை, ஒரு குடை, அறுந்த செருப்பு. இரண்டு பஸ் மாறி, மீதி நடந்து வந்திருந்தார். என்னை விட அசந்து போயிருந்தார். "நிங்களாணோ கத்து எழுதியது?" என்று கேட்டார். நான்தான் கடிதம் எழுதினேன் என்று தலையாட்டினேன். அன்று முழுக்க அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். துவைக்கிற கல்லைத் திருப்பிக் காட்டினேன். கரட்டில் ஏறிக் கரியைக் காட்டினேன். வேறு நாளாக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! வீரன் கையில் இருப்பது வாள், காலடியில் இருப்பது புலி, புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனாக இருக்கும் என்றார். எனக்குப் புலி இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நானும் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது காதில் ஏறியதே தவிர மனசில் ஏறவில்லை.

கடைசியில் வட்டம். கயிறு பிடித்து அளந்தார், எழுதினார். அது புதைத்த இடம்தான், அடியில் தாழி இருக்கும், நாம் எண்ணமுடியாத பழசு என்றார். அம்மிணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான், அடிவண்டலோடு கலங்கி இருந்தது. அவர் ஒரு வாய் குடித்து, சொம்புக்குள் பார்த்தார்.

"ஏனுங்க சார்," என்றாள் அவள், "வெட்டலாங்களா, வெட்டக் கூடாதுங்களா? ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்க."

"ஞான் எழுதும். மேலேருந்து உத்தரவு வரணும்."

"எப்ப வருமுங்க?"

அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். குடையை விரித்துக் கொஞ்சதூரம் போனவர் திரும்பி வந்தார். "வட்டத்தின்டெ உள்ளே வேண்டா, சேச்சி. வெளியே நிங்ஙளுடெ ஸ்தலம். வெடி மாத்ரம் வைக்கருது. கல்லு மறியும்" என்றார். உள்ளே தொடாதே, வெளியே உன் இடம், வெடி வைத்தால் கல் சாய்ந்துவிடும், அவ்வளவுதான். அதை அவர் தாளில் எழுதவில்லை.

அவர் தலை மறைந்ததும் அம்மிணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கிழக்குக் கல்லிலிருந்து அடிமேல் அடி வைத்து ஒன்பது அடி நடந்தாள். குதிகாலால் மண்ணைக் குத்தினாள். "இங்க." சார் வாயாலேயே சொன்னதால் மச்சானும் தடுக்கவில்லை.

நீரோட்டக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ற கைக்குத் தெரிஞ்சது அங்க. இங்க வெட்டீட்டு நாளைக்கு என்ற பேரச் சொல்லாதீங்க."

"உங்க பேரு எங்களுக்கு எதுக்குங்க? தண்ணிதான் வேணும்" என்றாள்.

முன்பு சொன்ன கிணற்று ஆட்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். கிடைத்தது இரண்டே பேர். மூன்றாவது ஆளாக நான் இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு ஆள் மட்டத்துக்குக் கீழே பாறை. வெடி வைத்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. கற்களுக்காகக் கடப்பாரையும் உளியுமாக ஒரு மாதம் கொத்தினோம். கூடையில் கல்லை அள்ளி நான் கட்டிவிடுவேன், மேலே மச்சான் இழுப்பார். மதியத்துக்குமேல் கை விரல் மடங்காது. சோற்றைப் பிசையாமல் அப்படியே அள்ளி விழுங்குவேன். கிணற்று ஆள் ஒருவர் மேலே எட்டிப் பார்த்து, "செத்தவிய ஒம்பதடி தள்ளி நிம்மதியாத் தூங்கறாங்க, நாமதான் இங்க சாகறோம்" என்பார். முதல் நாள் சிரித்தேன். பிறகு சிரிக்கத் தெம்பில்லை.

வைகாசி பாதி தாண்டிவிட்டது. தம்பி எஸ்டேட்டிலிருந்து ஆள் மூலம் கடைசியாகக் கேட்டு அனுப்பினான்: வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள், வருகிறீர்களா இல்லையா? வந்த ஆள் இரண்டு நாள் காத்திருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் மேற்குப் பக்கப் பாறையில் ஒரு வெடிப்பு ஓரம் கறுத்திருந்தது. தடவினால் விரல் நனைந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறி வந்து மண்குவியலில் படுத்துவிட்டேன். சொல்லி, நாளைக்குக் காய்ந்துபோனால்?

காலையில் போனபோது அம்மிணி எனக்கு முன்னாலேயே வந்து, அடியில் ஏதோ மினுங்குவதைக் கண்டு குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். குடம் அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. மேலே வந்த குடத்தில் கால்வாசி, செம்மண் கரைந்த தண்ணீர். உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தாள், துப்பினாள். மறுபடி வைத்தாள்.

"உப்பில்லீங்ணா" என்றாள்.

வெள்ளாமைக்குப் பத்தாது. வீட்டுக்கும் இரண்டு எருமைக்கும் நாளுக்கு ஆறேழு குடம் கிடைக்கலாம், அவ்வளவுதான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "உங்க மச்சான்கிட்டச் சொல்லி, அந்த எஸ்டேட்டு ஆள அனுப்பச் சொல்லுங்க. நாங்க வர்லீன்னு சொல்லட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். மச்சானைத் தேடிப் போக எழுந்திருக்க வேண்டும், கால் கேட்கவில்லை. அவள் குடத்திலிருந்து ஒரு கை அள்ளி என் பக்கம் நீட்டினாள்.