இருபத்து மூன்றாம் நம்பர் படம்

சென்ற வாரம் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு பழைய ஸ்டுடியோ கவர். உள்ளே நெகட்டிவ்! முப்பத்தாறு படமும் முடியும்வரை கேமராவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரையும் மிரட்டிய காலம் ஒன்று இருந்ததே... நினைவிருக்கிறதா?

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்பாவின் பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை. எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. நெகட்டிவில் அப்படித்தானே தெரியும்? அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தோம். இன்றைக்கு எனக்கு அது நிஜமாகவே நரைத்திருக்கிறது.

இருபத்து மூன்றாம் நம்பரில் செல்வியும் அவள் கணவர் முருகேசனும் நின்றிருந்தார்கள்.

இருவரும் எங்களிடம் டெய்லர்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். கல்யாண போட்டோவுக்கு எங்கே போவது? "எக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு ஒரு படம் பிடிங்கக்கா" என்று செல்விதான் கேட்டாள். பிடித்தேன்.

ரோலைக் கழுவிய ஸ்டுடியோக்காரர், எந்தெந்த நம்பரைப் பிரின்ட் போடுவது என்று கேட்டார். "இருபத்தி மூணுல அந்தத் தம்பி கண்ண மூடிட்டாருங்க. உட்டறலாமுங்க" என்றார். நானும் சரி என்றேன். நான் எடுத்த படத்தில் ஒருவர் கண்ணை மூடியிருப்பதாவது! அப்போது எனக்குப் பெரிய போட்டோகிராபர் என்று நினைப்பு.

செல்வி வந்து கேட்டாள்.

"உங்க படம் மட்டும் பிலிம்ல விழலை செல்வி" என்றேன். யோசிக்காமலே வந்த பொய். பிறகு வேறு எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் முருகேசன் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க மண்ணரையில் செல்வி வீட்டுக்குப் போனேன். கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் ஐ.டி. கார்டு போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். யாரோ அதட்டியதுபோல் விழித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணா நின்ன படம் ஒண்ணுகூட இல்ல. அன்னைக்கு நீங்க பிடிச்சதாவது விழுந்திருக்கலாம்லக்கா" என்று செல்வி அழுதாள். நானும் அழுதேன். உண்மையைச் சொல்லவில்லை. நெகட்டிவ் தொலைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேடினேனா? இல்லை.

இப்போது கையில் இருக்கிறது. ஸ்டுடியோவில் கொடுத்தேன். படம் கழுவும் இருட்டறை எல்லாம் எடுத்தாகிவிட்டதாம். ஸ்கேன் செய்துதான் பிரின்ட். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "கண்ணைத் தொறந்து வெச்சறட்டுங்களா மேடம்? அஞ்சு நிமிசமுங்க."

ஒரு விநாடி சபலப்பட்டேன். பிறகு வேண்டாம் என்றேன். அந்தப் படத்துக்கு நான் ஏற்கெனவே செய்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணரைக்குக் கிளம்பினேன். வழி முழுக்க ஒத்திகை... 'படம் அன்றைக்கே விழுந்தது செல்வி. நான்தான் பொய் சொன்னேன்.' இவ்வளவுதானே? இதில் என்ன கஷ்டம்?

செல்வி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அவுக சிரிச்சா கண்ணு மூடிக்கிடும்லா... மறந்தே போயிட்டேன்க்கா. சுவத்துல மாட்டுனதையே பாத்துப் பாத்து, அந்த மூஞ்சிதான் மனசுல நிக்கி."

அவர் முகத்தை விரலால் தடவினாள். கண்ணை மூடிவிட்டார் என்று நான் தள்ளிய படம் அது. மனிதர் சிரித்திருக்கிறார்! மனைவிக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவர்கள் சுவரில் இருந்திருக்க வேண்டியதை என் பீரோவில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.

"இங்க பாருங்க, அன்னைக்கு விழாத படம்! இப்ப உள்ள மிஷின்ல அதையும் எடுத்திரலாம் போல. அக்கா எனக்காக அலைஞ்சு எடுத்துட்டு வந்திருக்காக!"

அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். செல்வி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். 'வரேன் செல்வி' என்று எழுந்து வந்துவிட்டேன்.

செல்விக்கு இந்தப் பத்திரிகை வாங்கும் வழக்கமில்லை — அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.