மாப்பிள்ளைக்குப் பழஞ்சோறு

நேற்றுப் பின்னேரம் மகள் குசினியில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து பிரைட் ரைஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். சூட்டில் தீய்ந்த சோயா சோஸின் மணம் முன்னறை வரை வந்தது. உங்களுக்கு அந்த மணம் ஏதாவது ஒரு கடையை ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது ஒரு மாப்பிள்ளையை ஞாபகப்படுத்தும். என்னுடையவரை அல்ல, அவர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார். நான் சொல்வது ராத்தாவின் மாப்பிள்ளையை.

ராத்தா எனக்கு மூத்தவள், கூடப்பிறந்தவள். கற்பிட்டியில் எங்கள் குடும்பத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவை முடித்த மச்சான் கொழும்புக்காரர். இங்கே வந்து போன் திருத்தும் கடை ஒன்று போட்டார். "ஒரு வருசம் இருந்து பாப்பம், சரிவராட்டி கொழும்புக்குப் போவம்" என்று முதலிலேயே சொல்லித்தான் வந்தார். ராத்தாவுக்கோ உம்மாவை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போனாலே காய்ச்சல் வரும். அவள் இல்லாத வீட்டை எனக்கும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே மச்சானை ஊரில் இருத்தி வைப்பது எங்கள் இரண்டு பேரின் வேலையாயிற்று.

உம்மா அவருக்குப் போட்ட சாப்பாட்டைச் சொல்லி மாளாது. நண்டு, இறால், கொடுவா மீன், வட்டிலப்பம். எல்லாவற்றையும் மரியாதையாகச் சாப்பிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறிப் புத்தளம் போய், அங்கே ஒரு சைனீஸ் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஊருக்கு இது தெரிந்தபோது உம்மா இடிந்துபோனார்.

"நம்மட ஊட்டு மருமகன் கடைச்சோறு திங்கிறதாம். நான் எப்பிடி வெளியில முகம் காட்டுற?"

"அந்தச் சோத்த நாங்களே ஆக்குவம் உம்மா," என்றாள் ராத்தா. அதுவரை அவளுக்குத் தேத்தண்ணி ஊற்ற மட்டும்தான் தெரியும்.

சீனச் சாப்பாடு என்றால் கறுப்பாக இருக்கும், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சோயா சோஸை ஊற்றினோம். கறுத்தது, உப்பும் கரித்தது. எள்ளெண்ணெய் வேண்டும் என்று யாரோ சொல்ல, உம்மா தலைக்கு வைக்கும் நல்லெண்ணெயை எடுத்துக் கவிழ்த்தோம். சோற்றில் உம்மாவின் கொண்டை மணத்தது. காரம் போதாதென்று நான் ஒரு கரண்டி மாசிச் சம்பலையும் போட்டேன். இதெல்லாம் பரவாயில்லை, சோறுதான் எங்களை அழவைத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு தாச்சியில் கொட்டிக் கிண்டக் கிண்ட, அது குழைந்து கூழாகிவிட்டது. மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, "கஞ்சி நல்லா இரிக்கி" என்றார். கிண்டலில்லை. மனிதர் உண்மையாகவே கஞ்சி என்று நினைத்துவிட்டார்.

கடைசியில், கத்தாரில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்த மாமி மகனுக்குப் போன் எடுத்தோம். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"சுடுசோத்தயா போட்டீங்க? நேத்து ஆக்கின சோறு வேணும் புள்ள. ஆறி, உதிரி உதிரியா இரிக்கணும்."

பழஞ்சோறா? புது மாப்பிள்ளையின் சாப்பாட்டில் நேற்றைய பருக்கை ஒன்று கிடந்தாலே ஊர் கைகொட்டிச் சிரிக்கும். எங்கள் வீட்டில் பழஞ்சோறு கோழிக்கு, ஆட்டுக்கு, மிஞ்சினால் எனக்கு. ராத்தா பயந்து பயந்து உம்மாவிடம் கேட்டாள். அன்று முழுக்க உம்மா எங்களோடு கதைக்கவில்லை. மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பிஸ்மி சொல்லிப்போட்டுத் தாச்சியில போடுங்க. நெருப்புப் பட்டா அது புதுச்சோறுதான்."

எந்த மௌலவியையும் கேளாமல் உம்மாவே கொடுத்த பத்வா அது.

அன்று சோறு உதிர்ந்தது. களப்பு இறால் சிவந்து சுருண்டது. லீக்ஸ் பச்சை மாறாமல் கிடந்தது. மச்சான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை புத்தளம் பஸ் அவர் இல்லாமல் போயிற்று. நாங்கள் குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பிறகு நூடில்ஸ், சூப், இனிப்பும் புளிப்புமாக மீன் என்று ராத்தாவின் கை ஏறிக்கொண்டே போனது.

வருசம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஒரு பகல் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மச்சான் உம்மாவிடம் சொன்னார்.

"மாமி, கொழும்புல தனிய போய் இருந்தா இவ என்னத்த ஆக்குவா எண்டுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தன். இப்ப அந்தப் பயம் இல்ல. வாற மாசம் போவமா எண்டு பாக்கிறன்."

உம்மா என்னைப் பார்த்தார். நான் தாச்சியைப் பார்த்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

ராத்தா அழுதாள். ஆனால் பெட்டி கட்டும்போது அவள் முகத்தில் ஒரு சின்னத் துள்ளலும் இருந்தது. அதை நான் கண்டுவிட்டேன். அவள் போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது உம்மா இல்லை. வீட்டில் நான் இருக்கிறேன். போன பெருநாளைக்கு ராத்தா பிள்ளைகளோடு வந்தாள். நான் இறால் பொரித்துக்கொண்டிருந்தேன். முன்பென்றால் பின்னால் வந்து, என் தோளுக்கு மேலால் கையை விட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள். இம்முறை வாசலிலேயே நின்றாள்.

"தங்கச்சி, உள்ளுக்கு வரவா?"

"வா ராத்தா," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இந்தக் குசினிக்குள் அவளை நான் வா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.